இருவரிடமும் இருந்த ஒரே பிழை

துறைமுக அலுவலகத்தில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொழுதுபோக்காக புரோகிராம் எழுதுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு இப்போது அட்மின். தண்டையார்பேட்டை லேத் பட்டறைக்காரர் ஒருவர், கடல் ஏறி வற்றும் நேரத்தைப் படகுக்காரர்களுக்குச் சொல்லும் செயலி எழுதியிருந்தார். அது தன்னிடமிருந்து திருடியது என்று இன்னொரு உறுப்பினர் புகார் கொடுத்தார். இரண்டு செயலியிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தது.

பட்டறைக்காரரிடம் முறைப்படி விளக்கம் கேட்டேன். "நீங்க குரூப்ல போட்ட மாதிரி புரோகிராம பாத்துதான் சார் எழுதுனேன்" என்றார். ஆதாரமற்ற மறுப்பு என்று குறித்துக்கொண்டு அவரை நீக்கினேன்.

ஒரு மாதம் கழித்து, புதியவர்களுக்காக நான் போட்டிருந்த அந்த மாதிரி புரோகிராமைத் திறந்தேன். பிழை என்னுடையது. இருவரும் அதைத்தான் நகலெடுத்திருந்தார்கள்.

குழுவில் மன்னிப்பு எழுதிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அவர் லேத்தை நிறுத்தவில்லை.

"குரூப்ல எழுதிட்ட, சரி சார். நீ என்னைத் தூக்குனது தெரிஞ்சு எண்ணூர்ல படகுக்காரங்கோ என்னைத் திருடன்னு சொல்லிகினு கீறாங்க. அவங்களாண்ட யாரு சார் சொல்றது?"

அதற்கு எந்த விதியும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை எண்ணூர் பஸ் ஏறினேன்.