ஸ்கோர்போர்டின் முதுகுப் பக்கம்: பலெர்மோவில் ஒரு பேஸ்பால் ஸ்டேடியம் திறப்பு

மே மாதம் ஐந்து நாள் விடுப்பில் பலெர்மோ போய்வந்தேன். ஊருக்கு நடுவே புதிதாகக் கட்டியிருக்கும் சின்ன பேஸ்பால் ஸ்டேடியத்தின் திறப்பைப் பார்க்கத்தான் போனேன். எனக்கு பேஸ்பால் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அங்குள்ள ஸ்கோர்போர்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, சென்னையில் கிண்டி அலுவலகத்தில் உட்கார்ந்து நான்கு மாதம் கணினியில் வரைந்தவள் நான். இருபத்தொன்பது வருடமாக வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வரைந்து கொடுக்கிறேன். நான் வரைந்த எதையும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சென்னையிலிருந்து இரண்டு விமானம் மாறி, காத்திருப்பையும் சேர்த்து இருபத்திரண்டு மணி நேரம். போகவர எழுபத்தெட்டாயிரம் ரூபாய். பலெர்மோ விமான நிலையம் ஊரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம், ஏழு யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. இறங்கும்போது இடுப்பு கழன்று விழாதது அதிசயம். ஐம்பது வயதுக்கு மேல் நடு இருக்கை வாங்காதீர்கள்.

அறை, நிலையத்திலிருந்து பதினோரு நிமிட நடையில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில். ஒரு நாளுக்கு முப்பத்தெட்டு யூரோ, லிஃப்ட் கிடையாது. எண்பத்தெட்டு வயது மூதாட்டி ஒருவரின் வீடு அது, மரியாதையாக 'சிஞ்ஞோரா' என்றுதான் அவரைக் கூப்பிடுகிறார்கள். மிலானில் இருக்கும் மகன் ஓர் அறையை மட்டும் பயணிகளுக்கு விடுகிறார். "பால்கனியிலிருந்து புதிய ஸ்டேடியம் தெரியும்" என்று விளம்பரத்தில் படித்துத்தான் எடுத்தேன். கதவைத் திறந்த பெண் என் முகத்தைப் பார்த்ததுமே, "வாங்கோ அக்கா, படியேறிக் களைச்சுப் போனீங்கள். முதல்ல இருங்கோ" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. களைப்புதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் தர்சினி. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து பதினான்கு வருடம். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறார். கிழவிக்குத் தலைசுற்றல் உண்டு. போன மாசியில் குளியலறையில் விழுந்திருக்கிறார். ஒரு நிமிடம்கூடத் தனியாக விட முடியாது. தர்சினியின் பன்னிரண்டு வயது மகள் அபிரா பள்ளி முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவாள். வந்தவுடன் பேஸ்பால் கையுறையைத் தூக்கிக்கொண்டு, "மம்மா, நான் போறன், சியாவோ!" என்று கீழே ஓடிவிடுவாள். சனிக்கிழமை திறப்பில், பெரியவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் சிறுவர் அணிகள் ஒரு இன்னிங்ஸ் ஆடும். அதில் அவள் மூன்றாவதாக மட்டை பிடிக்கிறாள்.

"இஞ்சை நிண்டே பார்ப்பன் அக்கா" என்று தர்சினி பால்கனிக்குக் கூட்டிப்போனார். உண்மைதான். ஸ்கோர்போர்டின் வெறும் இரும்புச் சட்டம் வழியே மட்டை பிடிக்கும் இடம் வரை தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாதமாக மகளின் பயிற்சியை அங்கேதான், துணி காயப்போட்டபடி பார்த்திருக்கிறார். நான் வரைந்த சட்டம் முதல் தடவையாகக் கண்முன்னே நின்றது. தேநீரைக் குடித்தபடி வேறு பேச்சை எடுத்தேன். அந்தச் சட்டத்தில் இன்னும் என்ன மாட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு கிரேன் வந்தது. மாலைக்குள் சட்டத்தில் போர்டை மாட்டி, பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் உயரத்துக்கு மறைத்துவிட்டார்கள். பால்கனிக்கு எதிரே ஒரு சாம்பல் நிறத் தகடு, அதன்மேல் கேபிள்கள், அவ்வளவுதான்.

தர்சினி கையில் துணிக் கிளிப்புகளோடு நின்றார். "ஆர் அக்கா இதைக் கொண்டுவந்து சரியா இதுக்கு முன்னாலை வைச்சது?"

கிளிப்புகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வரைபடத்தில் போர்டு முதலில் இடப்பக்கம் இருந்தது. மாலை வெயில் நேராக அதன் முகத்தில் அடிக்கும், எழுத்து தெரியாது, வலப்பக்கம் தள்ளித் திருப்பலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். பாராட்டி மின்னஞ்சல்கூட வந்தது. எங்கள் படத்தில் அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் வெறும் பெட்டிகள். அதில் ஜன்னல் இருக்காது, பால்கனி இருக்காது. அப்படித்தான் வரைவது வழக்கம்.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். தர்சினி கரண்டியைக் கீழே வைத்தார்.

"இந்த வீடு உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"பெட்டி மாதிரிதான் தெரிஞ்சுது, தர்சினி."

"ம்" என்றார். அதற்குப் பிறகு பருப்பை மட்டும் நகர்த்தி வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை அவருக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. வழக்கமாக வருபவருக்கு அன்று லிபெர்த்தா தெருவில் வேறு வீட்டு வேலை. என்னிடம் திறப்பு விழாவுக்கு அலுவலகம் ஏற்பாடு செய்த சீட்டு ஒன்று இருந்தது, அதில் பெயர் இல்லை. செய்ய வேண்டியது எதுவென்று காலையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் மதியம் வரை தெருத்தெருவாகச் சுற்றினேன். சந்தையில் இரண்டரை யூரோவுக்கு, காரமே இல்லாத கடலைமாவு வடை ஒன்றை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அதைத் தின்றபடி ஏழாயிரம் கிலோமீட்டரை மனதுக்குள் திரும்பத் திரும்ப அளந்தேன். மனசே வரவில்லை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

மூன்று மணிக்குத் திரும்பிவந்து சீட்டை மேசையில் வைத்தேன். "நீங்க போங்க. சிஞ்ஞோராவை நான் பார்த்துக்கறேன்."

"விசரோ அக்கா உங்களுக்கு? இதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரத்திலையிருந்து வந்தனீங்கள்!"

"நான் அதை நாலு மாசம் பார்த்தாச்சு. போங்க, நான் மனசு மாறுறதுக்குள்ள."

மாத்திரை எது, கழிப்பறைக்கு எப்படிப் பிடித்துக் கூட்டிப்போவது என்று இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். பிறகு செருப்பைக்கூட மாற்றாமல் படியிறங்கி ஓடினார்.

ஆக, திறப்பு விழாவை நான் இப்படித்தான் பார்த்தேன்: பால்கனியில் இரண்டு நாற்காலி, பக்கத்தில் சிஞ்ஞோரா, எதிரே நான் வரைந்த போல்ட்டுகள். எல்லாம் இடத்தில் இருந்தன. பேண்டு வாத்தியம், யாரோ நீளமாகப் பேசியது, கைதட்டல். கிழவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "தர்சி?" என்று கூப்பிட்டார். நான் போர்டைக் காட்டி, ஸ்டேடியத்தில் இருக்கிறார் என்ற அர்த்தத்தில் "ஸ்தாதியோ" என்பேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். டக் என்று மட்டைச் சத்தம் கேட்டு, கூட்டம் கத்தியபோது நானும் எழுந்துவிட்டேன். அது யாருடைய அடி என்று எப்படித் தெரியும்? சாம்பல் தகடுதானே இருந்தது. இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக என் வேலைமேல் எனக்குக் கோபம் வந்தது.

ஆறரை மணிக்கு தர்சினி வந்தார். தொண்டை கட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது.

"அவுட் ஆகிட்டாள் அக்கா. ரெண்டுதரம் விட்டிட்டாள், மூண்டாந்தரம் அடிச்சாள். போய்ச்சேர முதலே பிடிச்சுப் போட்டாங்கள். ஆனா என்ன ஓட்டம்! நான் கத்தினது இஞ்சை கேக்கேல்லையோ?"

கேட்டது என்றேன். அப்புறம் ஆசை அடங்காமல், "போர்டு எப்படி இருந்தது? எழுத்தெல்லாம் தெரிஞ்சுதா?" என்றேன்.

"எந்தப் போர்டு?"

முதலில் சுருக்கென்றது. பிறகு சிரித்தேன், சிரித்து முடிக்க முடியாமல் சமையலறைக்குப் போய் முகம் கழுவினேன். மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு விமானம். ஸ்டேடியத்துக்குள் நான் போகவே இல்லை.

போகிறவர்களுக்கு: ஸ்டேடியம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான், டாக்ஸி வேண்டாம். சாதாரணச் சீட்டு பதினைந்து யூரோ. மாலை ஆட்டமானால் மட்டை பிடிக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள வரிசைகளை எடுங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒன்பதாவது வரிசை, பதினான்காம் இருக்கை மிக நல்லது. நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அங்கிருந்து பிள்ளையின் முகம் வரை தெரிகிறதாம், தர்சினி சொன்னார்.