செருப்பு ஸ்டாண்டுக்கு வந்த மௌனச் சாமி

1. டோக்கன் திரும்பாத ஞாயிறு

கோயில் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள செருப்பு ஸ்டாண்டில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இந்த வேலைக்கு எண் தெரிந்தால் போதும். செருப்பை மரக் கட்டத்தில் வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தின் எண் போட்ட டோக்கனைக் கொடுக்க வேண்டும். டோக்கன் திரும்பினால் செருப்பு திரும்பும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. புது ஆள் முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற எனக்கு இதைவிட நல்ல வேலை ஊரில் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிவலக் கூட்டம் வருகிற பௌர்ணமிகூட இல்லை, மத்தியானத்துக்குள் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. டோக்கன் டப்பா காலி. காலையில் செருப்பு விட்டவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு அம்மாள் புதுச் செருப்பைக் கொடுத்து டோக்கனை வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், எனக்கு ஒரு கும்பிடு போட்டார், கோயிலுக்குக்கூடப் போகாமல் வெறுங்காலோடு பஸ் ஏறப் போய்விட்டார்.

ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற காண்டிராக்டர் பைக்கில் வந்து இறங்கினார்.

"இன்னா ஏழுமல, சாமியாயிட்டியாமே? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் போனை நீட்டினார். அதில் நான் இருந்தேன்.

2. மூன்று தலையாட்டல்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பையன் மைக்கோடு வந்தான். வரிசை நின்றிருந்த நேரம். "அய்யா, நெறைய பேரு செருப்ப வுட்டுட்டே போயிடுவாங்களா?" என்றான். மறந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தலையாட்டினேன். "அப்படி வுட்டுட்டுப் போனா பீடை தொலையுமாமே?" அவன் போனால் போதும் என்று தலையாட்டினேன். "சர்க்கரகூட எறங்குதாமே?" அதற்கும் ஆட்டினேன். "தெரியாது" என்று சொன்னால் மேலே ஏதாவது கேட்பான் என்று கூச்சம்.

வீடியோவில் என் தலை மெதுவாக ஆடியது. பின்னால் மலை, புல்லாங்குழல். 'நாற்பது ஆண்டுகளாக வாய் திறக்காத மௌனச் சாமி. செருப்போடு கர்மாவை இவரிடம் விட்டுவிட்டு, டோக்கனைப் பூஜை அறையில் வையுங்கள்' என்று ஒரு பெண்குரல் சொன்னது. எனக்கு வயது நாற்பத்தாறு. ஆறு வயதில் மௌனம் தொடங்கியிருக்க வேண்டும்.

"லட்சக்கணக்குல பாத்திருக்கான்" என்றார் காண்டிராக்டர். "என் வூட்டுக்காரியே நேத்து என் புது ஷூவக் கொண்டாந்து இங்க வுட்டுட்டா. எந்தக் கட்டம், பாரு."

வீட்டில் என் மனைவி அதே வீடியோவை இரண்டு தரம் பார்த்தாள். "ஊர்ல வாய் தொறக்காத சாமி, சாம்பார்ல உப்பு கம்மின்னா மட்டும் கரெக்டா தொறக்குதே" என்றாள்.

எங்கள் ஊரில் வாயை மூடிக்கொண்டு ஒரு இடத்தில் உட்கார்ந்தால் எதிரே உட்கார ஆள் வந்துவிடும். செங்கம் ரோட்டு ஆசிரமத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து ஸ்டாண்டுக்கு முன்னால் சம்மணமிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடியிருந்தார். அவருக்கு என்ன கிடைத்ததோ, எனக்கு வரிசை அடைத்தது.

3. கறுப்புச் செருப்புக்காரர்

இந்த வேலையில் முகம் நினைவிருக்காது, செருப்பு நினைவிருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு வரும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற மெத்தைச் செருப்பு அது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர் செய்கிற ஒரு பெரியவருடையது. போன வருடம் வலது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். ஒருமுறை அந்தச் செருப்பின் உள்பக்கம் ஒரு குண்டூசி நீட்டிக்கொண்டிருந்ததைப் பிடுங்கினேன். அதோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார், குத்தியதே அவருக்குத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை உச்சி வெயிலில் மகளோடு வந்தார். செருப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"டோக்கன் மட்டும் குடு சாமி. இது இங்கயே இருக்கட்டும். மாத்திரையயும் இன்னியோட நிறுத்திட்டேன்."

மகள் கையைப் பிசைந்தாள். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. டாக்டர் சொல்றதயே போன்ல பாத்துட்டுத்தான் நம்புவாரு."

எனக்கு வியர்த்தது. வரிசையே என்னைப் பார்த்தது. வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் பொய்ங்க. நான் சாமி இல்ல. செருப்பப் போட்டுக்குங்க."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாருப்பா? சாமி இன்னிக்கி லீவா?"

"நான்தாங்க அது."

"அவரு பேச மாட்டாரு. வீடியோவுலயே போட்டிருக்கான். நீ டூப்பு."

வரிசையில் சிரிப்பு. "டூப்ளிகேட்ட ஒக்கார வச்சுட்டானுங்கடா" என்றான் ஒருவன். காண்டிராக்டர் கத்தினார்: "யோவ், இவன் எங்க ஏழுமலதான்யா!"

"டோக்கன் போவுதேன்னு நீ அப்பிடித்தான் சொல்லுவ" என்றார் பெரியவர். தார் ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் சூடு தாங்காமல் துள்ளித் துள்ளி ஓடுகிற ரோட்டில் அவர் நிதானமாக நடந்தார். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் முன்னால் போய் ரோட்டிலேயே உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நின்றுவிட்டார். பாதத்தைத் தூக்கி மண்ணைத் துடைத்துச் செருப்பை மாட்டி வாரை இழுத்துக் கட்டினேன். இரண்டு காலுக்கும். பிறகு அவர் சட்டைப் பையில் தெரிந்த மாத்திரை அட்டையைத் தொட்டேன், அவர் வாயைக் காட்டினேன்.

"சரி சாமி" என்று கும்பிட்டார்.

4. அதற்குப் பிறகு

அதையும் ஒருவன் போனில் பிடித்துவிட்டான். மறுநாள் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் காலை நீட்டினார்கள். காண்டிராக்டர் 'இங்கு சாமி இல்லை, செருப்பு மட்டும்' என்று போர்டு எழுதி வைத்தார். சாயங்காலத்துக்குள் போர்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் மாத்திரை சாப்பிடுவது மௌனச் சாமி சொல்லி. நாளைக்கு இன்னொரு சாமி இன்னொரு வீடியோவில் வேறு சொன்னால்?

அடுத்த திங்கட்கிழமை அவர் வந்ததும் ஸ்டூலில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மைக், மூன்று தலையாட்டல், கூச்சம். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப நீ சாமி இல்லியா?"

"இல்லீங்க."

"பேச்சப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது." சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். "அப்ப மாத்திர சாப்டணுமா, வாணாமா?"

பழைய பழக்கத்தில் தலை ஆடப் போனது. நிறுத்திக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்களக் கேப்போம்."

ஸ்டாண்டைக் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டு, மகளோடு அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உள்ளங்காலில் அன்று தார் ரோட்டில் வெந்த கொப்புளம் புண்ணாகியிருந்தது. அவருக்கு அதுவும் தெரியவில்லை. கட்டுப் போட்ட நர்ஸம்மா, "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா பாதத்தயே எடுத்திருப்பாங்க" என்றார். டாக்டர் சொல்லச் சொல்ல பெரியவர் மாத்திரை அட்டையைப் பின்பக்கம் திருப்பிவைத்து மகளை வேளை எழுதச் சொன்னார். போனை எடுக்கவில்லை.

ஸ்டாண்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மைக் நீட்டுகிறவன் போகட்டும் என்று தலையை ஆட்டிவிடாதீர்கள். அந்தப் பொய்யில் பாதி அவன் சொன்னது, மீதி நான் ஆட்டியது. தெரியாததைக் கேட்டால் "தெரியாது" என்று, நாலு பேருக்குக் கேட்கும்படி, சொல்லிவிட வேண்டும்.