பேத்தை மீன் சாப்பிட்ட மதியம்: ஆவடியிலிருந்து ஒரு டாக்சிப் பயணம்

பழவேற்காடு போனால் என்ன மீன் வாங்கலாம் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஊர் இல்லை. அங்கிருந்து வந்த மீனால் ஆவடியிலிருந்து சென்னைக்குப் போன பயணம்தான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஒரு ஞாயிறு. என் கணவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழவேற்காடு போய்வந்த நண்பர் கொடுத்த மீன், தோலுரித்துத் துண்டு போட்டிருந்தது. குழம்பு வைத்தேன். அவர் முதலில் சாப்பிட்டார். நான் உட்காருவதற்குள், "ஏட்டி, உதடு மரத்துப்போச்சு. நாக்கும்தான்" என்றார். பிறகு வாந்தி. எழுந்தவர் கண் இருட்டிச் சரிந்தார்.

டாக்சி பிடித்தோம். அம்பத்தூர் வருவதற்குள் கை கால் அசையவில்லை. அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டர் நாடி பிடித்தார், மெதுவாக அடித்தது. பிரஷர் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

"பேத்தை மீன் விஷம் மாதிரி தெரியுது, அந்தப் பந்து மாதிரி உப்புற மீன். இதயம் துடிக்குதும்மா. ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கிற நரம்பு செத்த மாதிரி கிடக்குது, அதான் பிரஷர் விழுது. மாற்று மருந்து கிடையாது. விஷம் இறங்குற வரைக்கும் மூச்சு கொடுக்கணும். அதுக்கான மெஷின் சென்னையில பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்கு."

குளுக்கோஸ் பாட்டிலை என் கையில் தூக்கிப் பிடிக்கக் கொடுத்து, மூச்சுக்குக் காற்றை அமுக்கிச் செலுத்தும் பையோடு டாக்டரே டாக்சியில் ஏறினார். வழியில் பாடி என்ற இடத்தில் லாரி நெரிசல். கணவரின் மார்பு ஏறி இறங்குவது நின்றது. டாக்டர் பையை அமுக்க ஆரம்பித்தார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "சார், முடிஞ்சிபோச்சு போலக்கீதே. ஊட்டுக்குத் திருப்பட்டா?"

"நாடி இருக்கு. ஓட்டுய்யா!"

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மெஷின்தான் மூச்சு கொடுத்தது. மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் அவர் கரகரத்த குரலில் பேசினார். "எல்லாம் கேட்டுச்சு. ஊட்டுக்குத் திருப்பட்டான்னு அவன் கேட்டப்ப, வேண்டாம், வேண்டாம்னு கத்துனேன். உங்களுக்குத்தான் கேக்கல."

என்னால் அழக்கூட முடியவில்லை. அவ்வளவு அசதி.

போகிறவர்களுக்கு: பெயர் தெரியாத மீனை, அதுவும் தோலுரித்ததை வாங்காதீர்கள். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் இந்த விஷம் போகாது. உதடு மரத்துப்போனால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல், மூச்சுக்கருவி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வழியில், அசையாமல் கிடப்பவரிடம் பேசிக்கொண்டே போங்கள். பதில் வராது. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பார்.