பஞ்சு ஒட்டிய கிட்டார்

ஆசிப் செய்யும் எலக்ட்ரிக் கிட்டார் சோமனூரில் முழங்கினால் ஆனைமலையில் மாடு மிரளும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். பக்கத்துத் தறிக்கூடத்துச் சத்தத்தையே அது தாண்டாது. அந்தத் தறிப்பஞ்சுதான் அவனுக்குத் தீராத பகை. ஈர வார்னிஷில் வந்து ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளன் ஜெரோம் செய்யச் சொன்ன கிட்டாரை இரண்டு முறை சுரண்டி மறுபடி பூசியாயிற்று. இனியும் கெட்டால் கடையில் வாங்கிக்கொள்வதாக ஜெரோம் சொல்லிவிட்டான்.

தறி ஓடாத ஞாயிறாகப் பார்த்து, கிட்டாரைத் துணியால் நன்றாகத் துடைத்து, கதவைச் சாத்திப் பூசினான் ஆசிப். காய்ந்த பின் பார்த்தால் மறுபடியும் பஞ்சு.

"ஏனுங்க பாய், நான் கேட்டது கிட்டாருங்க, தலகாணி இல்லீங்க," என்று சொல்லிவிட்டு ஜெரோம் போயே போய்விட்டான்.

"நாசமாப் போற தறி!" என்று கத்தினான் ஆசிப்.

"தறி எங்கீங்க ஓடுச்சு?" என்றாள் மனைவி சஃபியா. "நீங்க தொடச்ச காடாத்துணிய உதறிப் பாருங்க. பஞ்சு அதுல இருந்துதானுங்க."