சிறுத்தையும் சீசாவும்

கண் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு பட்டுப்போய்விட்டது, இனிச் சிகிச்சை இல்லை என்றார். சில மாதங்களில் வெளிச்சம் மட்டும் தெரியுமாம், ஆள் தெரியாதாம். உடன் வந்திருந்த அக்கா அழுதாள். எனக்கோ அந்த டார்ச் வெளிச்சத்தில், அப்பா உதவியாளராக இருந்த கல்லூரியின் விலங்கியல் அறை நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமைகளில் எங்களையும் கூட்டிப் போவார். பாடம் செய்த சிறுத்தையின் மேல் தூசி தட்டுவார். செத்த உயிர்கள் ஊறிக் கிடக்கும் சீசாக்களில் பார்மலின் வற்றியிருந்தால் நிரப்புவார். எங்களுக்குக் கண் எரியும். நானும் அக்காவும் அங்கிருந்த உயிர்களைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

“சிறுத்தை எனக்கு. நீ அந்தப் புழுவ வச்சுக்கடா” என்றாள் அக்கா ஒருநாள்.

“புழு இல்ல தாயி, தவளைச் சாதி. காலில்லாம மண்ணுக்குள்ள கெடக்கும்” என்று அப்பா சீசாவின் மேல் டார்ச் அடித்தார். “கண்ணு தோலுக்கு அடியில இருக்கு. வெளிச்சம், இருட்டு, அம்புட்டுத்தான் தெரியும்.”

“என் சிறுத்தைக்கு எம்புட்டுத் தூரத்துல மான் நின்னாலும் தெரியும்.”

“அதுக்குக் கண்ணு போனா பட்டினிதான். இது மண்ண மோந்தே இரை புடிச்சிரும்.”

அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று ஆறுதலாகக்கூட இல்லை. தினமும் டைரி எழுதி, அதைத் திருப்பிப் படித்தே வாழ்ந்தவன் நான்.

ஆனையூர் வீட்டுக்கு வந்ததும் அக்கா அலமாரியைத் திறந்தாள்.

“கவலப்படாதடா. இனிமே உன் டைரிய எல்லாம் நான் வாசிச்சுக் காட்டுறேன்.”

தலையாட்டினேன். அவள்மேல் இருந்த கோபத்தை நேரில் சொல்லாமல், இத்தனை வருடமும் அவற்றில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.