கேப்டன் ரசலையனின் இரண்டு விரல்

புதுக்கடை ரசலையன் பந்துகளியில், அதுதான் கால்பந்தாட்டத்தில், உடைத்த எலும்பையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தால் புதுசாக ஒரு ஆளையே நிறுத்திவிடலாம். தேங்காய்ப்பட்டணத்து கிளீட்டஸைக் கேளுங்கள், முன்பல் நாலும் எங்கே போச்சு என்று சொல்வான். பேக் ஆடுகிறவன் பந்தைத் தடுக்க வேண்டும். இவன் ஆளைத் தடுத்தான், பந்து தானே நின்றது.

ஆனால் அவனைப் பெரிய ஆளாக்கியது காலில்லை, ஒரு பொய். 1926-ல் அறுத்த வயலில் நடந்த ஆட்டத்தில் அவன் முழங்கை பட்டு ஒருத்தன் சுருண்டு விழுந்தான். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காத பய, விழாமல் என்ன செய்வான்? கூட்டத்தில் எவனோ, வர்மம் போட்டுட்டான் என்று கத்திவிட்டான். நம்ம ஊரில் வர்மம் என்றால் போதுமே. உடம்பில் இன்ன இடத்தில் விரல் பட்டால் ஆள் சாய்வான். தட்டினவனே மாற்றுத்தட்டு தட்டி இளக்கினால்தான் எழும்புவான். வேறு எவன் தொட்டாலும் உயிர் போய்விடும் என்பது பேச்சு. ரசலையன் சும்மா பிடரியில் ஒரு தட்டுத் தட்டினான். பய எழுந்து உட்கார்ந்துகொண்டான். வர்மத்தில் ஒரு எழுத்துகூட ரசலையனுக்குத் தெரியாது. தெரியாது என்று வாய் திறந்து சொல்லவுமில்லை, கள்ளன்.

அன்றுமுதல் ஆட்டம் தொடங்குமுன் எதிராளி முகத்துக்கு நேரே வலதுகையின் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டுவான். பாதிப் பேர் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். வந்தவர்களை முழங்காலால் பார்த்துக்கொண்டான். திருவனந்தபுரத்தில் போலீஸ் வேலை கொடுத்து ஆடக் கூப்பிட்டார்கள். பூட்ஸ் போட்ட வெள்ளைப் பட்டாளத்தான் ஒருத்தனின் விலாவை வெறுங்காலோடு போய் நொறுக்கினான். 1932-ல் திருவிதாங்கூருக்கே கேப்டன். அன்றைக்கு நமக்கு ராஜ்யம் என்றால் அதுதானே.

அந்தத் திமிரோடுதான் 1934-ல் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு வந்தான். பண்டிகை ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் ஆடியவன் செல்வதாஸ், தங்கை ராஜபாயின் மாப்பிள்ளை, ரசலையனுக்கு அளியன், பள்ளிக்கூட வாத்தியார். ஊதினால் பறக்கிற உடம்பு. மத்தியானம் இரண்டு பேருக்கும் ராஜபாய்தான் சோறு போட்டாள். பார்த்து ஆடு அண்ணே என்று ஒரு சொல் சொல்லியும் விட்டாள்.

செல்வதாஸ் இரண்டு விரலைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு தடவை ரசலையனைச் சுற்றிக்கொண்டு போய் கோல் போட்டான். கேப்டனை வாத்தியார் பெஞ்சில் ஏற்றிவிட்டார் என்று ஊரே கூவியது. ரசலையனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவை அவன் பந்தைப் பார்க்கவேயில்லை. எகிறி, முழங்காலை அளியனின் நெஞ்சில் இறக்கினான். உள்ளே ஏதோ முறிந்தது அவன் முட்டுக்கே தெரிந்தது.

செல்வதாஸ் மல்லாந்து கிடந்தான். வாயோரம் ரத்தம். மூச்சு இழைபோல ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் பதறவில்லை, அதுதான் கொடுமை. யாரோ வண்டி பூட்டிக்கொண்டு வந்ததைக் சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளை ஜெபகனி திருப்பி அனுப்பினார். வர்மம் போட்டவன் பக்கத்தில் இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு, வேறு கை பட்டால் ஆள் போய்விடுவானே என்றார்.

ரசலையன் பிடரியில் தட்டினான். எழும்பவில்லை. முதுகைத் தேய்த்தான், உள்ளங்காலைத் தேய்த்தான்.

“வண்டியைக் கூப்பிடுங்கலே. எனக்கு வர்மம் தெரியாது. ஒருநாளும் தெரியாது.”

எட்டு வருஷம் பொய்யை நம்பின சனம் அந்த ஒற்றை உண்மையை நம்பவில்லை. ராஜபாய் சேற்றில் விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். “கோல் போட்டதுக்கா அண்ணே இந்தக் கோவம்? இளக்கிவிடு. இனி அவரு ஆட வரமாட்டாரு.”

“சத்தியமா தெரியாதுட்டி” என்று அழுதான். மனசு வைக்க மாட்டேன் என்கிறான் என்றுதான் அது எல்லார் காதிலும் விழுந்தது. செல்வதாஸின் அண்ணன் முத்துநாயகம் கோலுக்கு நட்டிருந்த கமுகுக் கம்பைப் பிடுங்கி ரசலையனின் முழங்காலில் அடித்தான். இளக்குவியா என்று கேட்டு ஒரு அடி, தெரியாது என்றதற்கு ஒரு அடி. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. மற்றவர்கள் விலாவிலும் முகத்திலும் மிதித்தார்கள். வலதுகையில் மட்டும் ஒரு அடி விழவில்லை. இளக்குவதற்குக் கை வேண்டுமே!

அடித்தும் இளக்கமாட்டான் என்று கண்டு, வெயில் சாய்ந்தபிறகுதான் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். பாதி வழியில் ராஜபாய் அண்ணனின் வலதுகையை எடுத்து, அந்த இரண்டு விரலையும் சேர்த்து, மாப்பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள். நெஞ்சு ஆறிப்போயிருந்தது. ரசலையனுக்கு விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது, கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. இங்கயா அண்ணே, இங்கயா என்று கேட்டுக்கேட்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தக் கையை ஒவ்வொரு இடமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தாள்.