ஒரு வருத்தமும் இல்லை

மகள் பழைய கொம்பனியை விட்டு விலகியது ஒரு மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரம் அவளுடைய அடையாள அட்டையோடு மருத்துவக் காப்புறுதி அட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். புதிய வேலை திங்கட்கிழமையே தொடங்கியது. ஆனால் அங்கே முதல் மூன்று மாதமும் தகுதிகாண் காலம். அது முடிந்த பிறகுதான் காப்புறுதியில் பெயர் சேர்ப்பார்களாம். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது இதை ஒரு சின்னச் செய்திபோலச் சொன்னாள். நான் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"மூண்டு மாசம் தானே அம்மா. எனக்கு என்ன நடக்கப்போகுது?"

என்ன நடக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஏழு வயதிலிருந்து பதினொரு வயதுவரை அவளுக்கு வலிப்பு வந்தது. மருந்தில் அது நின்றது. பதின்மூன்றாம் வயதில் டொக்டரே மருந்தையும் நிறுத்தினார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை. "ஆரும் கேட்டால் சின்னனில காய்ச்சல் வந்தது எண்டு சொல்லு" என்று அவளுக்கும் பழக்கி வைத்திருந்தேன். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஒரு பெண்பிள்ளையின் வலிப்பு இரண்டாம் மாடிக்குத் தெரிந்தால், லிஃப்ட் மேலே போய்ச் சேருமுன் ஆறாம் மாடிக்கும் தெரிந்துவிடும். கனடாவுக்குப் போக அவ்வளவு நேரமும் எடுக்காது.

எங்களுக்கு மேலே, ஐந்தாம் மாடியில் இருப்பவள் காப்புறுதி முகவர். என்னைவிடப் பத்து வயது இளையவள், நல்ல மனம் உள்ளவள். வேலை மாறும் இடைவெளியில் நிற்பவர்களுக்கென்று சில மாதங்களுக்கு மட்டும் எடுக்கக்கூடிய காப்புறுதி ஒன்று இருப்பதாக அவள்தான் சொன்னாள்.

"மழைக்கு ஆரின்ரயும் குடையை இரவல் வாங்கிற மாதிரி அக்கா. மூண்டு மாசம் பிடிச்சுப்போட்டுத் திருப்பிக் குடுத்திடலாம். விபத்தெண்டால் முதல் நாளிலயே கவர். வருத்தம் எண்டால் பதினாலு நாள் போகோணும். முந்தியே இருந்த வருத்தத்துக்கு மட்டும் இல்லை."

நான் இருபது வருடம் பாடசாலையில் படிப்பித்தவள். சின்ன எழுத்துகளையும் விடாமல் வாசிப்பேன். முன்பிருந்த நோயை மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்ற வரியையும் வாசித்தேன். விளங்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து அந்த முகவரே படிவத்தை நிரப்பினாள். முந்தின மாதம்தான், கனடாவில் இருக்கும் தன் சின்னம்மாவின் மகனுக்குப் பார்ப்பதற்காக, என் மகளின் சாதகக் குறிப்பை வாங்கிப் போயிருந்தாள். பொருத்தம் நல்லதாம். எண்பது வீதமாம். பெயர், பிறந்த திகதி, உயரம், நிறை எல்லாம் எழுதி முடித்துப் பேனையை நிறுத்தினாள்.

"அடுத்தது. பிள்ளைக்கு முந்தி ஏதும் வருத்தம் இருந்ததோ?" கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "கலியாணம் சரிவரேல்லை எண்ட வருத்தத்தைத் தவிர!"

அறைக்குள்ளிருந்து மகள் கத்தினாள். "அன்ரி, அது அம்மான்ர வருத்தம். அவவுக்குத் தனியா ஒரு போம் நிரப்புங்கோ!"

எங்கள் பேச்சில் நோயும் வருத்தம்தான், கவலையும் வருத்தம்தான். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குமுன் நான் சொன்னேன்: "ஒரு வருத்தமும் இல்லை."

அவள் 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டாள். மகள் அறையிலிருந்து வந்து, நின்றபடியே, வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. கையெழுத்து அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

புதிய வேலையின் ஏழாவது வாரம், சனிக்கிழமை காலை. அந்த வாரம் முழுவதும் அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. புதிய இடத்தில் நல்ல பெயர் எடுக்க வேண்டுமே. பல்கனியில் காய்ந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு வந்தவள் மேசைக்குப் பக்கத்தில் அப்படியே விழுந்தாள். உடுப்புகள் அவளுக்குக் கீழே விழுந்ததால் தலை தப்பியது. என் கைகள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. இடப்பக்கம் திருப்பினேன், கழுத்துப் பொத்தானைக் கழற்றினேன், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகும் நிமிடத்தை எண்ணத் தொடங்கினேன்.

சத்தம் கேட்டு ஐந்தாம் மாடிக்காரி ஓடி வந்தாள். கையில் வீட்டுக் கதவின் திறப்புக் கொத்து.

"இதைக் கையில குடுங்கோ அக்கா, இரும்பு பட்டால் நிக்கும்!"

நான் அவளுடைய கையைத் தட்டிவிட்டேன். "வலிப்பில்லை. மயக்கம். பிள்ளை காலமை சாப்பிடேல்லை."

என் கணவருக்குப் போன் எடுத்தேன். அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறார். இயந்திரங்கள் ஓடும்போது தொலைபேசி கேட்காது. ஏழெட்டுத் தடவை எடுத்தும் அவர் தூக்கவில்லை. அதற்குள் ஐந்தாம் மாடிக்காரி ஓட்டோவைக் கீழே கூப்பிட்டுவிட்டாள்.

"பிரைவேட்டுக்கே போவம் அக்கா. கவர் இருக்குத்தானே. இதுக்குத்தானே எடுத்தனாங்கள்?"

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அட்டை கேட்டிருக்க மாட்டார்கள். மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்திருப்போம், சனநெரிசலில் நின்றிருப்போம். ஆனால் அங்கே ஒரு டொக்டர் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். பொய்க்கு அங்கே ஒரு தேவையும் இருந்திருக்காது. இதை நான் இப்போதும் வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ்ஸில் போகும்போது நினைப்பேன். நினைத்தால் இறங்க வேண்டிய இடம் தவறிவிடும்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் சிங்கள டொக்டர். மகள் அரைமயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே, முன்னர் எப்போதாவது வலிப்பு வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் தோளுக்குப் பின்னால் ஐந்தாம் மாடிக்காரி நின்றாள், காப்புறுதி அட்டையைக் கையில் பிடித்தபடி. எனக்கு உதவி செய்ய வந்து, சாப்பிடாமல், வீட்டுச் செருப்போடு நின்றாள்.

"நோ, டொக்டர்."

அவர் மறுபடியும் கேட்டார். சின்ன வயதிலும் இல்லையா? காய்ச்சலோடு கூட?

"நெவர்."

இருபத்து நான்கு வயதில் முதன்முதலாக வலிப்பு வந்தால், அதற்கு ஒரு காரணத்தைத் தேடத்தான் வேண்டும். அவர்கள் தேடினார்கள். முதலில் ஸ்கான். உடம்பு லேசாகச் சுட்டதால் மூளையில் கிருமி இருக்கலாம் என்று சொல்லி, முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துக் கேட்டார்கள். இந்தமுறை நான்தான் வைத்தேன். திரைக்கு வெளியே நின்றேன். இரண்டு நேர்ஸ்மார் அவளை இறால்போல வளைத்துப் பிடித்திருந்தது திரையின் இடைவெளியால் தெரிந்தது. அவள் "அம்மா" என்றாள். நான்கு எட்டு நடந்து ஒரு வார்த்தை சொன்னால் ஊசியை எடுத்திருப்பார்கள். நான் நடக்கவில்லை.

பின்னேரம் வார்டில் வலிப்பு இன்னொரு தடவை வந்தது. என்னால் அவளைத் திருப்ப முடியவில்லை. வாய் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அடிபட்டது. முன்பல் ஒன்றில் பாதி என் உள்ளங்கையில் இருந்தது.

அடுத்த நாள் காலையில் அவளுக்கு முழு நினைவு வந்திருந்தது. அதே டொக்டர் வந்து அவளிடமே கேட்டார். அவள் ஒரு யோசனையும் இல்லாமல் சொன்னாள், உதடு வீங்கியிருந்ததால் மெதுவாக: சின்ன வயதில் இருந்தது, ஏழிலிருந்து பதினொன்று வரை, மருந்தின் பெயர் அம்மாவுக்குத் தெரியும்.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. "அம்மா, நேற்று நான் கேட்டேன்தானே" என்று சிங்களத்தில் சொன்னார், அவ்வளவுதான். பிறகு, தெரிந்திருந்தால் நேற்றே வேறு விதமாகப் போயிருப்போம், மருந்தை உடனே தொடங்கியிருப்போம், இரண்டாவது தடவை வராமல் இருந்திருக்கலாம் என்றார். இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லுக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி.

அவர் போன பிறகு மகள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். முதுகில் ஊசி போட்டதால் தலையை உயர்த்தினால் தலையிடி வரும் என்று அவளை நேராகப் படுக்க வைத்திருந்தார்கள்.

"ஏனம்மா சொல்லேல்லை?"

"இன்சூரன்ஸ் போமில இல்லையெண்டு போட்டது. மாத்திச் சொன்னால்…"

"இன்சூரன்ஸுக்கோ? கனடா மாப்பிளைக்கோ?"

நான் அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அந்தப் போமில இருக்கிறது என்ர கையெழுத்து அம்மா."

காப்புறுதிக் கொம்பனி மறுத்துக் கடிதம் அனுப்பியது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாம் மாடிக்காரி ஒரு தடவை வந்தாள், கதவடியிலேயே நின்றாள். "என்னட்டயாவது சொல்லியிருக்கலாம் அக்கா. எங்கட தம்பிக்கும் சின்னனில வந்ததுதானே." எந்தத் தம்பி என்று நான் கேட்கவில்லை. குறிப்பைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் மகளால் தலையைத் தூக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வேலைக்குப் போனாள். வெள்ளவத்தை ஸ்டேஷனில் ஏறியதும் "ஏறிட்டன்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது அவளுடைய வழக்கம். இப்போது அனுப்புவதில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கிறாள். பல்லைச் சரிசெய்யலாம் என்றேன். "பார்ப்பம்" என்றாள்.

மூன்று மாதம் முடிந்தது. போன வாரம் புதிய கொம்பனியின் காப்புறுதிப் படிவத்தைக் கொண்டுவந்தாள். அதே மேசை. தானே நிரப்பினாள். நான் எதிரில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன்.

"முதல் எப்ப வந்தது?"

"ஏழு வயசில. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள். நீ சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தனி." இவ்வளவு வருடத்தில் இதை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"கடைசியா?"

"பதினொரு வயசில."

அவள் பேனையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இந்த வருசம் அம்மா," என்றாள். எழுதினாள்.

அடுத்த பக்கத்தில் கடைசிக் கட்டம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. பழைய கொம்பனியிலும் அந்த மூன்று மாதக் காப்புறுதியிலும் அதில் என் பெயர் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து எழுதிக்கொண்டே கேட்டாள்.

"அப்பான்ர நம்பர் என்ன?"

"அவருக்கு மெஷின் சத்தத்தில போன் கேக்காதே, பிள்ளை."

"தெரியும்."

பயற்றங்காயைக் கீழே வைத்தேன். அவருடைய இலக்கம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு இலக்கமாக, அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, பிழையில்லாமல் சொன்னேன்.